றக்பியைத் தொழிலாக்கலாமா? யாழ்ப்பாணத்துப் பெடியளும் பெற்றோரும் கேட்கும் கேள்விகள்

இங்கே மாலைநேரத்தில் பெடியளுக்கு றக்பி பழக்குகிறேன். பயிற்சிக்கு வருகிற பிள்ளையிடம் கேள்வி குறைவு. மதிலோரம் மோட்டார் சைக்கிளில் குந்திக்கொண்டு பார்க்கிற தகப்பனிடம்தான் கூட. தாய்மாரின் கேள்விகள் பெரும்பாலும் இரவில் வாட்ஸ்அப்பில் வரும். பல், கழுத்து, படிப்பு, சம்பளம், விசா என்று எங்கே தொடங்கினாலும், ஒரு றக்பி வீரனுக்கு 16 வயதுக்கும் 22 வயதுக்கும் இடையில் உண்மையில் என்னதான் நடக்கிறது என்பதிலேயே கதை வந்து நிற்கும். அடிக்கடி கேட்கப்படுபவற்றை இங்கே எழுதி வைக்கிறேன்.

இது என்ன விளையாட்டு? ஹெல்மெட் போட்டு மோதுவார்களே, அதுவா?

அது அமெரிக்காக்காரரின் விளையாட்டு. றக்பியில் ஹெல்மெட் இல்லை. ஒரு பக்கம் 15 பேர், 40 நிமிடமாக இரண்டு பாதி. பந்தைக் கையில் வைத்துக்கொண்டு எவ்வளவு தூரமும் ஓடலாம், உதைக்கலாம். ஆனால் கையால் முன்னால் எறியக் கூடாது. பக்கவாட்டிலோ பின்னாலோதான் கொடுக்க வேண்டும். எதிரணியின் கோட்டைத் தாண்டிப் பந்தை நிலத்தில் அழுத்தினால் ட்ரை, 5 புள்ளி. அதன்பிறகு கம்பங்களுக்கிடையில் உதைத்தால் இன்னும் 2. எதிரணியின் தவறுக்குக் கிடைக்கும் பெனால்டி உதைக்கும், ஆட்டத்தின் நடுவே பந்தை நிலத்தில் போட்டு எழும்பும்போது உதைக்கும் ட்றொப் கோலுக்கும் 3. ஒரு அணியில் 13 பேர் ஆடுகிற றக்பி லீக் என்று இன்னொன்று இருக்கிறது. 1895 இல் இங்கிலாந்தில் பிரிந்துபோன கிளை அது. இந்தப் பக்கத்தில் சொல்வதெல்லாம் 15 பேர் ஆடும் றக்பி யூனியன் பற்றியது.

எப்போதிருந்து இது சம்பளம் வாங்கும் தொழிலானது?

1995 ஓகஸ்டிலிருந்து. அதுவரை உலகின் முதல்தர வீரர்கள்கூட ஆசிரியராகவோ பொலிஸ்காரராகவோ வைத்தியராகவோ வேலை பார்த்துக்கொண்டுதான் ஆடினார்கள். இன்று முழுநேரச் சம்பளம் கொடுக்கும் போட்டிகள் கைவிரலுக்குள் அடங்கும்: இங்கிலாந்தின் பிரீமியர்ஷிப், பிரான்ஸின் டொப் 14, அயர்லாந்து, வேல்ஸ், ஸ்கொட்லாந்து, இத்தாலி, தென்னாபிரிக்க அணிகள் சேர்ந்து ஆடும் யுனைடெட் றக்பி சம்பியன்ஷிப், நியூசிலாந்தும் அவுஸ்திரேலியாவும் ஆடும் சூப்பர் றக்பி, ஜப்பானின் லீக் வன். இவற்றுக்குக் கீழ் அரைச் சம்பள மட்டம் ஒன்று இருக்கிறது. பெரும்பாலான வீரர்கள் அங்கேதான் இருக்கிறார்கள்.

இலங்கையில் றக்பி ஆடியே பிழைக்கலாமா?

ஆடிக்கொண்டு பிழைக்கலாம். ஆடுவதால் மட்டும் பிழைப்பது கடினம். கண்டி, கொழும்பின் சீஆர், சீஎச், ஹெவ்லொக், பிறகு பொலிஸ், இராணுவம், கடற்படை, விமானப்படை என்று எட்டு அணிகள்தான் முதல்தரத்தில் நெடுங்காலமாக ஆடி வந்தவை. இவற்றில் நான்கு, பெயரைப் பார்த்தாலே தெரியும், சீருடைக்காரருடையவை. அங்கே சேர்ந்தால் அரச வேலை, மாதச் சம்பளம், ஓய்வூதியம் எல்லாம் கிடைக்கும். எங்கள் பக்கத்துக் குடும்பங்களில் சீருடை என்ற சொல்லை எடுத்தவுடன் ஒரு மௌனம் விழும். அதை நான் கடக்கச் சொல்ல மாட்டேன். அந்தந்த வீட்டார் பேசி முடிவெடுக்க வேண்டிய விஷயம். மற்ற நான்கு கழகங்களில் ஆடுபவர்களில் பலருக்குக் கம்பனி வேலை இருக்கும். பகலில் அலுவலகம், மாலையில் பயிற்சி.

ஏன் கண்டியும் கொழும்பும் மட்டும்? எங்களிடம் ஏன் இல்லை?

றக்பியைக் கொண்டுவந்த வெள்ளைக்காரத் தோட்டத்துரைமார் இருந்த இடம் மலையகம். டிக்கோயா, திம்புள்ள, ஊவா என்று அவர்களுடைய கழகங்கள்தான் ஒருகாலத்தில் கொழும்போடு மோதின. பாடசாலைகளில் முதலில் தொடங்கியது கண்டி கிங்ஸ்வுட், 1891 இல். பிறகு அதே ஊரின் திரித்துவக் கல்லூரி பிடித்துக்கொண்டது. கொழும்பு றோயல் கல்லூரியும் திரித்துவமும் மோதும் பிரட்பி கேடயம் 1945 இலிருந்து நடக்கிறது. எங்கள் மிஷன் பாடசாலைகளோ கிரிக்கெட்டையும் உதைபந்தாட்டத்தையும் பிடித்துக்கொண்டன. மத்திய கல்லூரிக்கும் சென். ஜோன்ஸுக்கும் வடக்கின் பெரும் சமர் இருக்கிறது, குருநகரிலும் நாவாந்துறையிலும் உதைபந்தாட்டம் இருக்கிறது. மைதானம், ஆசிரியர், பழைய மாணவர் என்று ஒரு விளையாட்டுக்கு வேண்டியதெல்லாம் அந்தப் பக்கம் போய்விட்டன. றக்பிக்கு ஒரு தலைமுறை பழைய மாணவர்கள் வேண்டும்; மைதானத்தோரம் நின்று கத்துவதற்காவது. போர்க்காலத்தில் அப்படி ஒன்று முளைக்க வழியில்லை.

மகனுக்கு 16 வயது. பந்தையே தொட்டதில்லை. பிந்திவிட்டதா?

கிரிக்கெட்டில் என்றால் பிந்திவிட்டது என்பேன். றக்பியில் அப்படியில்லை. வெளியிலிருந்து திறமையைக் கொண்டுவந்து சேர்க்கலாம். அமெரிக்காவின் கார்லின் ஐல்ஸ் குறுந்தூர ஓட்டக்காரர். 2012 இல், இருபதைத் தாண்டிய வயதில், எழுவர் றக்பிக்கு மாறி உலகின் அதிவேக றக்பி வீரர் என்று பெயர் வாங்கினார்.

எங்கள் பெடியளிடம் மூலதனம் இல்லாமலில்லை. கபடி ஆடியவனுக்குத் தாழ்ந்து குனிந்து தொடையைப் பிடிக்கச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. மூச்சைக் கட்டுப்படுத்தவும் தெரியும். கிளித்தட்டு ஆடியவனுக்குப் பக்கவாட்டில் உடலை வெட்டத் தெரியும். உதைபந்தாட்டக்காரன் முட்டைவடிவப் பந்தை உதைக்கப் பழகச் சில வாரம் எடுப்பான், அப்புறம் மற்றவர்களைத் தாண்டிவிடுவான். கரப்பந்தாட்டத்தில் எழும்பிக் குதிப்பவன் லைன்-அவுட்டில், அதாவது வெளியே போன பந்தை இரண்டு வரிசைக்கு நடுவில் எறியும்போது, பந்தை எடுப்பான். மெய்வல்லுநர் போட்டியில் 100 மீற்றர் ஓடுகிறவனை விங்கில், அதாவது மைதானத்தின் ஓரத்தில், விடலாம்.

பிந்தி வருகிறவனுக்கு இல்லாதது ஒன்றே ஒன்று: எங்கே நிற்க வேண்டும் என்ற உணர்வு. பந்து எங்கோ கிடக்கும்போது, தான் எங்கே இருக்க வேண்டும் என்று காலுக்குத் தெரிய வேண்டும். அதற்கு ஆட்டங்கள் ஆடித்தான் ஆக வேண்டும். யூடியூப்பில் வராது.

பெடியன் சின்னன். வெளிநாட்டுக்காரர் எல்லாம் மாடுபோல் இருக்கிறார்களே?

தென்னாபிரிக்காவின் செஸ்லின் கொல்பி சுமார் 172 சென்ரிமீற்றர். பிரான்ஸின் அந்துவான் டுப்போன் 174 அளவு. யாழ்ப்பாணத்திலும் அந்த உயரத்துப் பெடியள் இருக்கிறார்கள். முன்னவர் இரண்டு உலகக் கிண்ணம் வென்றவர், பின்னவர் 2021 இல் உலகின் சிறந்த வீரராகத் தெரிவானவர்.

ஆனால் இதைச் சொல்லி ஏமாற்றக் கூடாது. இந்த இரண்டு பேரும் ஆடும் இடங்கள் வேறு: ஒருவர் விங், மற்றவர் ஸ்க்ரம் ஹாஃப். ஸ்க்ரம் என்றால் இரண்டு அணியிலும் எட்டு எட்டுப் பேர் தோள் கோத்துப் பந்துக்காகத் தள்ளுவது; ஸ்க்ரம் ஹாஃப் அதிலிருந்து பந்தை எடுத்துக் கொடுப்பவர். அதன் முன்வரிசையில் பாரம் தாங்கும் ப்ரொப்பாக நிற்கச் சின்ன உடம்பால் முடியாது. 1 முதல் 8 வரை இலக்கம் போட்டவர்கள் பாரம் தாங்குகிறவர்கள், 9 முதல் 15 வரை ஓடுகிறவர்கள், உதைக்கிறவர்கள், தீர்மானிக்கிறவர்கள். சின்னன் என்றால் 9, 10, 11, 14, 15 என்ற இலக்கங்களைப் பாருங்கள். ஆனால் சின்னவனும் டக்கிள் செய்தே, அதாவது பந்தோடு ஓடிவருகிறவனைப் பிடித்து விழுத்தியே, ஆக வேண்டும். செய்ய மாட்டாதவன் பக்கமே எதிரணி ஓடும். இரண்டாவது நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

டக்கிளில் கழுத்து முறிந்துவிடாதா?

பிழையாகப் பிடித்தால் ஆபத்துத்தான். எப்படிப் பிடிப்பது என்று சொல்கிறேன், அடுத்தமுறை மதிலோரம் நின்று பார்க்கும்போது நீங்களே கவனிக்கலாம்.

ஓடிவருகிறவனின் முகத்தைப் பார்க்கக் கூடாது, அது பொய் சொல்லும். அவனுடைய இடுப்பைப் பார்க்க வேண்டும். கடைசி இரண்டு அடியைச் சின்னதாக வைத்து முழங்காலை மடக்கித் தாழ வேண்டும். தோள் அவனுடைய தொடையில் விழ வேண்டும். தலை அவனுக்கு முன்னால் போகவே கூடாது. பக்கவாட்டிலோ பின்னாலோதான் இருக்க வேண்டும். அவன் விழும்போது உங்கள் தலை அவனுக்கு அடியில் சிக்கினால்தான் கழுத்துக்கு வினை. கண் திறந்திருக்க வேண்டும். முதல் மாதத்தில் அரைவாசிப் பிள்ளைகள் கடைசி நொடியில் கண்ணை மூடி நிலத்தைப் பார்ப்பார்கள், அப்போதுதான் தலை பிழையான பக்கம் போகும். பிறகு இரண்டு கையாலும் கட்டிப் பிடித்து, காலால் இரண்டு எட்டுத் தள்ள வேண்டும். விழுந்தவுடன் விட்டுவிட்டு எழும்ப வேண்டும்.

நின்ற இடத்தில் முழங்காலில் இருந்து, பிறகு நடந்து, பிறகு மெதுவாக ஓடி என்றுதான் பழக்குவேன். தை பிறந்து வெயில் ஏறினால் எங்கள் மைதானங்கள் சீமெந்துபோல் இறுகிவிடும். அந்த நாட்களில் விழுத்துகிற பயிற்சியைக் காரைநகர் கசூரினாவிலோ வேலணைச் சாட்டியிலோ மணலில் வைப்பது நல்லது. உங்கள் பிள்ளையை முதல்நாளே முழு வேகத்தில் மோதவிடுகிற பயிற்றுநரைக் கண்டால் திரும்பிக் கூட்டிக்கொண்டு வாருங்கள்.

தலையில் அடிபட்டால்?

அன்று ஆட்டம் முடிந்தது. அவ்வளவுதான். மயங்கி விழ வேண்டுமென்றில்லை. தலையிடி, தலைச்சுற்று, குமட்டல், ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பது, வெளிச்சம் கூசுவது, வழமைக்கு மாறான எரிச்சல் — ஒன்று இருந்தாலும் மைதானத்திலிருந்து எடுக்க வேண்டும், வைத்தியரிடம் காட்ட வேண்டும். பாடசாலை மட்டத்தில் ஆடுகிற பிள்ளை மூன்று வாரத்துக்கு முன் போட்டிக்குத் திரும்பக் கூடாது. அறிகுறி இருந்தால் இன்னும் பிந்தும். "எனக்கு ஒன்றுமில்லை சேர்" என்று அவன் சொல்வதைக் கணக்கெடுக்காதீர்கள். இறுதிப்போட்டிக்கு முதல்வாரம் எல்லாப் பிள்ளையும் அப்படித்தான் சொல்லும். தலைக்குப் போடும் மெல்லிய தொப்பி காதையும் தோலையும் காக்கும், மூளையைக் காக்காது.

வெளிநாட்டில் ஒரு பெடியன் எப்படித் தொழில்முறை வீரனாகிறான்?

நாட்டுக்கு நாடு பாதை வேறு. இங்கிலாந்தில் கழகத்தின் அக்கடமி 14, 15 வயதிலேயே பிள்ளைகளைப் பார்த்து வைத்து, 18 இல் ஒரு சிலருக்கு மட்டும் ஒப்பந்தம் கொடுக்கும். அயர்லாந்தில் பாடசாலைக் கிண்ணப் போட்டிகளிலிருந்து மாகாண அக்கடமிக்குப் போவார்கள். தென்னாபிரிக்காவில் 18 வயதுக்குட்பட்டோருக்கான கிரேவன் வாரம் என்ற போட்டியை எல்லாக் கழகங்களும் வந்து பார்க்கும். நியூசிலாந்தில் பாடசாலை முதல் அணி, மாகாணம், சூப்பர் றக்பி. பிரான்ஸில் கழகத்தின் பயிற்சி நிலையம், அதோடு கட்டாயமாக ஒரு படிப்பு.

பாதை எதுவானாலும் 18 வயதில் ஒப்பந்தம் கிடைத்தவனின் வாரம் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். திங்கள் காலை நிறை பார்ப்பார்கள், எங்கே நோகிறது என்று கேட்டு எழுதுவார்கள், பிறகு சனிக்கிழமை ஆட்டத்தின் வீடியோ. அவனுடைய பிழைகளை மட்டும் வெட்டி ஒட்டி, எல்லோர் முன்னாலும் போடுவார்கள். பிறகு பாரம் தூக்கல். செவ்வாயில் மைதானம். இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில் ஒரு சின்னக் கருவியைச் செருகி விடுவார்கள், எத்தனை மீற்றர் ஓடினான், எந்த வேகத்தில் என்று அது சொல்லும். ஆனால் அவன் அங்கே பெரும்பாலும் செய்வது என்ன தெரியுமா? மூத்த அணி மோதுவதற்குப் பயிற்சி மெத்தையைப் பிடித்துக்கொண்டு நிற்பது. வரும் சனிக்கிழமை எதிரணி எப்படி ஆடுமோ, அதைப் பாடமாக்கி, மூத்தவர்களுக்கு எதிராக நடித்துக் காட்டுவது. புதனில் படிப்பு. வெள்ளியில் மூத்த அணியின் இலேசான ஒத்திகை, அதில் அவனுக்கு இடமில்லை. சனிக்கிழமை ஒன்றில் இரண்டாம் அணிக்கு ஆடுவான், அல்லது கீழ்மட்டக் கழகத்துக்கு இரவல் கொடுக்கப்படுவான்.

இரவல் போவதைப் பலர் இறக்கம் என்று நினைக்கிறார்கள். எனக்கு அது நல்லதென்றே படுகிறது. முப்பது வயதுத் தச்சன் ஒருவன் ஸ்க்ரமில் அவனை மடக்கிப்போடுவான். அக்கடமியில் சமவயதுக்காரரோடு இரண்டு வருடம் ஆடினாலும் வராத பாடம் அது.

முதல் பெரிய வாய்ப்பைக் கெடுத்துவிட்டால் கதை முடிந்ததா?

ஜொனி வில்கின்சன் 18 வயதில், 1998 ஏப்ரலில் இங்கிலாந்துக்கு முதலில் ஆடினார். இரண்டு மாதம் கழித்து பிரிஸ்பேனில் அவுஸ்திரேலியாவிடம் 76-0 என்று தோற்ற அணியில் அவர்தான் இலக்கம் 10. ஐந்து வருடம் கழித்து, 2003 நவம்பரில், அதே அவுஸ்திரேலியாவுக்கு எதிரான உலகக் கிண்ண இறுதியில், மேலதிக நேரத்தின் கடைசி நிமிடத்தில், தன் பலவீனக் காலான வலக்காலால் ட்றொப் கோல் உதைத்து 20-17 என்று வென்றவரும் அவர்தான்.

ஜோனா லோமு கதை இன்னும் நல்லது. பாடசாலைக் காலத்தில் அவர் பாரம் தாங்குகிற எட்டுப் பேரில் ஒருவராக ஆடியவர். விங்குக்கு மாற்றப்பட்டு 1994 இல் 19 வயதில் நியூசிலாந்துக்கு ஆடினார். பிரான்ஸுக்கு எதிரான இரண்டு ஆட்டத்திலும் தோல்வி, எங்கே நிற்பதென்றே தெரியாமல் தடுமாறினார், அணியிலிருந்து எடுத்துவிட்டார்கள். அடுத்த வருடம் உலகக் கிண்ண அரையிறுதியில் இங்கிலாந்துக்கு எதிராக நான்கு ட்ரை.

எங்கள் பிள்ளைகளுக்கு நான் அடிக்கடி சொல்வது சியா கொலிசியைத்தான். தென்னாபிரிக்காவில் போர்ட் எலிசபெத்தின் ஸ்விடே என்ற வறிய குடியிருப்பில் பாட்டியோடு வளர்ந்தவர். 12 வயதில் தெரிவுப்போட்டிக்குப் போனபோது விளையாட்டுக் காற்சட்டை இல்லை, உள்காற்சட்டையோடு ஆடினார். புலமைப்பரிசில் கிடைத்து ஒரு பெரிய ஆங்கிலப் பாடசாலைக்குப் போனார். வீட்டுமொழி ஷோசா, ஆங்கிலம் அங்கேதான் பழகினார். 2013 இல் தேசிய அணி, முதல் ஆட்டத்திலேயே ஆட்டநாயகன். அதன்பிறகு நிரந்தர இடம் பிடிக்கச் சில வருடம் காத்திருந்தார். 2018 இல் தலைவர், 2019 இலும் 2023 இலும் உலகக் கிண்ணம். பலர் உள்காற்சட்டைக் கதையோடு நிறுத்திவிடுகிறார்கள். 2013 க்கும் 2018 க்கும் இடையில் வாங்கில் இருந்த காலம்தான் 20 வயதுப் பெடியனுக்குத் தேவையான பகுதி.

காயம் வந்தால் எவ்வளவு காலம்?

முழங்காலின் முன் சிலுவைத் தசைநார் அறுந்தால் சத்திரசிகிச்சை, ஒன்பது மாத அளவு. டுப்போனுக்கு 2018 இலும் 2025 இலும் முழங்காலில் அப்படி நடந்தது. இரண்டு முறையும் எதிரணி அயர்லாந்து. இரண்டு முறையும் மீண்டு வந்தார். ஆனால் அவருக்குப் பக்கத்தில் வைத்தியர், உடற்பயிற்சி மருத்துவர், சம்பளம் எல்லாம் இருந்தன. இங்கே தசைநார் அறுந்த பெடியனுக்கு அறுவை நடந்தாலும், அதன்பின் ஒவ்வொரு நாளும் காலை மடக்கி நீட்டவைக்க ஆளில்லாமல் போகும். அந்த ஒன்பது மாதத்தை யார் பார்ப்பது என்று ஒப்பந்தம் கையெழுத்திடும்போதே கேளுங்கள்.

சம்பளம்?

நட்சத்திரங்களின் தொகையைப் பார்த்துக் கணக்குப் போட வேண்டாம். அக்கடமிப் பெடியனுக்குக் கிடைப்பது வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் போதுமானது. ஒப்பந்தம் பெரும்பாலும் ஒன்று, இரண்டு வருடம். கழகமும் நிரந்தரமில்லை: இங்கிலாந்தில் 2022 இல் வூஸ்டரும் வொஸ்ப்ஸும், 2023 இல் லண்டன் ஐரிஷும் கடனில் மூழ்கின. பெரிய வீரர்கள் பிரான்ஸுக்கும் வேறு கழகங்களுக்கும் போனார்கள். நடுவில் நின்றவர்கள் அக்கடமிப் பிள்ளைகள்.

அப்போ உயர்தரத்தை விட்டுவிடலாமா?

வேண்டாம். இதில் எனக்கு இரண்டாம் கருத்தில்லை. தொழில்முறைப் பயிற்சி நாளில் நான்கு, ஐந்து மணித்தியாலம்தான், அதற்கு மேல் உடம்பு தாங்காது. மிச்ச நேரத்தில் படிக்கலாம். பிரான்ஸில் பயிற்சி நிலையத்தில் இருப்பவர்களுக்குப் படிப்பு கட்டாயம் என்று விதியே வைத்திருக்கிறார்கள். எங்கள் ஊரில்தான் இதைத் தலைகீழாகச் செய்கிறோம்: உயர்தரம் நெருங்கினால் ரியூசனுக்காக விளையாட்டை அறவே நிறுத்துவது, இல்லையென்றால் விளையாட்டுக்காகப் படிப்பை விடுவது. வாரத்தில் மூன்று மாலை மைதானத்தில் நின்ற பிள்ளை பரீட்சையில் தவறியதற்கு மைதானம் காரணமாக இருந்ததை நான் அரிதாகத்தான் கண்டிருக்கிறேன். காரணம் பெரும்பாலும் கைபேசி.

கொழும்புக்கோ கண்டிக்கோ பாடசாலை மாற்றி அனுப்பலாமா?

உண்மையில் முன்னேற வேண்டுமென்றால் அங்கே போகத்தான் வேண்டும், ஏனென்றால் வாராவாரம் கடினமான ஆட்டம் அங்கேதான் இருக்கிறது. றோயல், திரித்துவம், ஸாஹிரா போன்ற றக்பிப் பாடசாலைகளில் தமிழ்மொழி மூலமும் உண்டு. திறமையான பிள்ளைக்கு விடுதியும் உதவியும் கொடுக்கும் பாடசாலைகள் இருக்கின்றன. ஆனால் மூன்று விஷயம் கேட்டு எழுத்தில் வாங்குங்கள்: பாடசாலை மாறி வந்தவர் எந்த வருடத்திலிருந்து அணிக்கு ஆடலாம், காயப்பட்டால் விடுதியும் உதவியும் தொடருமா, படிப்புக்கு யார் பொறுப்பு. இரண்டாவது கேள்விக்குச் சிரித்து மழுப்பினால் பையைக் கட்டிக்கொண்டு யாழ்தேவி ஏறுங்கள்.

இன்னொன்று, சிங்களம். மைதானத்தில் கூப்பிடுவது, கத்துவது, பகிடி எல்லாம் சிங்களமும் ஆங்கிலமும் கலந்துதான். போவதற்கு முன் ஆறு மாதம் பேச்சுச் சிங்களம் பழகிய பெடியன் இரண்டாம் வாரத்தில் அணியோடு சேர்ந்துவிடுவான்.

வெளிநாட்டுக் கழகம் கூப்பிடுகிறது, காசு கட்டுங்கள் என்று ஒருவர் சொல்கிறார். நம்பலாமா?

நம்பாதீர்கள். கழகம் வீரனுக்குக் காசு கொடுக்கும், வீரனிடம் வாங்காது. வீரர்களின் முகவர்கள் அந்தந்த நாட்டு றக்பிச் சம்மேளனத்தின் அனுமதி பெற்றிருக்க வேண்டும். பெயரைச் சம்மேளனத்திடமே கேட்டு உறுதிப்படுத்தலாம். விளையாட்டு விசா என்று சொல்லி ஆள் அனுப்புகிற வேலை எங்களூருக்குப் புதிதல்ல, கிரிக்கெட்டிலும் உதைபந்தாட்டத்திலும் பார்த்துவிட்டோம். கழகத்தின் பெயரை இணையத்தில் தேடி, அங்குள்ள இலக்கத்துக்கு நேரே அழையுங்கள். பெடியனின் ஆட்ட வீடியோவைக்கூடப் பார்க்காமல் ஒப்பந்தம் தருகிறார்கள் என்றால், அவர்களுக்கு வேண்டியது அவனுடைய ஆட்டமல்ல.

அக்காவின் மகன் லண்டனில் பிறந்து அங்கேயே ஆடுகிறான். இலங்கைக்கு ஆட முடியுமா?

முடியும். தாய், தகப்பன், பாட்டன், பாட்டி இவர்களில் ஒருவர் இலங்கையில் பிறந்திருந்தால் போதும். அவன் இங்கிலாந்துக்கும் ஆடலாம், அங்கே பிறந்தவன் என்பதால். ஒரு நாட்டின் முதன்மை அணிக்கு ஆடிவிட்டால் அந்த நாட்டோடு கட்டுப்பட்டுவிடுவான். 2022 இலிருந்து ஒரேயொரு முறை மாறலாம், அதுவும் மூன்று வருடம் சர்வதேச ஆட்டம் ஆடாமல் இருந்த பிறகு, தான் பிறந்த நாட்டுக்கோ பெற்றோர், பாட்டன் பாட்டி பிறந்த நாட்டுக்கோ மட்டும். உறவுமுறை இல்லாமல் வெறுமனே குடியிருந்து தகுதி பெற 60 மாதம் வேண்டும்.

பாரிஸ் பிள்ளைகளுக்கு ஒரு விசேஷம். பிரான்ஸ் கழகங்கள் அந்த நாட்டில் பழகிய வீரர்களைக் குறிப்பிட்ட எண்ணிக்கையில் அணியில் வைத்திருக்க வேண்டும். எங்கே பிறந்தான், எந்தக் கடவுச்சீட்டு என்று பார்ப்பதில்லை, இளவயதில் அங்கே பழகினானா என்றுதான் பார்ப்பார்கள். லாச்சப்பலில் கடை வைத்திருக்கிற உங்கள் அண்ணரிடம் சொல்லிவையுங்கள்.

என்ன சாப்பிடக் கொடுப்பது? புரதத் தூள் வாங்கவா?

வளருகிற பிள்ளைக்குத் தூள் தேவையில்லை. ஒரு கிலோ உடல் நிறைக்கு நாளொன்றுக்கு 1.6 கிராம் அளவு புரதம் கிடைத்தால் போதும். 60 கிலோப் பெடியனுக்கு 100 கிராமுக்குக் கொஞ்சம் கீழே. மீன், முட்டை, கணவாய், பயறு, உழுந்து, கடலை, தயிர் எல்லாம் வீட்டில் இருப்பவைதான். சிக்கல் எங்கேயென்றால், எங்கள் தட்டில் புட்டு மலையாக இருக்கும், மீன் இரண்டு துண்டு இருக்கும். புட்டைக் குறைக்க வேண்டாம், மீனைக் கூட்டுங்கள். நல்லூர்த் திருவிழா 25 நாளும் மச்சம் இல்லாத வீடுகளில் உழுந்து, பயறு, பால், தயிரைக் கூட்டினால் சமாளிக்கலாம். பயிற்சிக்கு முன் வயிறுமுட்டச் சாப்பிட்டு வராமல் இருந்தால் பெரிய உபகாரம்.

என்ன சப்பாத்து?

உதைபந்தாட்டச் சப்பாத்து போதும். வாய்க்குள் வைக்கும் பற்காப்பு கட்டாயம்: வெந்நீரில் போட்டுக் கடித்துப் பதிக்கிற வகை. அது இல்லாதவனை மோதவிட மாட்டேன்.

மகள் கேட்கிறாள். அனுப்பலாமா?

தாராளமாக. விதிகள் ஒன்றே, பந்து ஒன்றே. 2025 மகளிர் உலகக் கிண்ண இறுதியில் இங்கிலாந்தும் கனடாவும் மோதின. லண்டனின் டுவிக்கன்ஹாம் அரங்கு நிரம்பி வழிந்தது. வலைப்பந்தாட்டம் ஆடிய பிள்ளைகளுக்குப் பந்து பிடிப்பதும் எறிவதும் பெடியளைவிட வேகமாக வரும். முழங்கால் காயம் பெண்பிள்ளைகளுக்குக் கூடுதலாக வருவதால், குதித்து இறங்கும் முறையைத் தனியாகப் பழக்க வேண்டும். சம்பளம் கொடுக்கும் மகளிர் கழகங்கள் இன்னும் சில நாடுகளில்தான்.

தெரிவுப்போட்டியில் என்ன பார்ப்பார்கள்?

ட்ரை போட்டவனை எல்லோரும் பார்ப்பார்கள், அதற்குத் தெரிவாளர் தேவையில்லை. அவர்கள் குறித்துக்கொள்வது: விழுந்தவன் எவ்வளவு வேகமாக எழும்புகிறான், பந்தைத் தவறவிட்ட அடுத்த பத்து நொடியில் என்ன செய்கிறான், பக்கத்தில் நிற்பவனோடு கதைக்கிறானா, களைத்த பிறகும் அதே உயரத்தில்தான் டக்கிள் செய்கிறானா. எங்கள் பெடியள் பலருக்கு மூன்றாவது இடிக்கும். புதிய இடத்தில் வாய் திறக்கமாட்டார்கள். பந்து வேண்டுமென்றால் கத்திக் கேட்க வேண்டும்.

எங்கள் பக்கம் 15 பிள்ளைகள் சேரவில்லை. என்ன செய்யலாம்?

ஏழு பேர் போதும். எழுவர் றக்பி, ஒரு பாதி 7 நிமிடம், மொத்தம் 14. மைதானம் அதே அளவு, அதனால் ஓடத் தெரிந்த சின்னப் பெடியளுக்கு வாய்ப்புக் கூட. 2016 இலிருந்து ஒலிம்பிக்கில் இருக்கிறது. ஆண்களின் முதல் இரண்டு தங்கமும் சின்ன நாடான பிஜிக்குத்தான் போயின. ஸ்க்ரமில் மூன்று பேர்தான் என்பதால் கழுத்துப் பாரமும் குறைவு. இடுப்பில் துணிப்பட்டி செருகி, அதைப் பறித்தால் டக்கிள் என்று வைத்துக்கொண்டால் பத்து வயதுப் பிள்ளையும் ஆடலாம். ஒரு பந்தும், பழைய சேலையில் கிழித்த பட்டிகளும், நாலரை மணிக்குப் பிறகு வெறுமையாகக் கிடக்கிற ஒரு மைதானமும் இருந்தால் இந்த வாரமே தொடங்கலாம். அதிபரிடம் மட்டும் முன்கூட்டியே கேளுங்கள், கிரிக்கெட் பிட்சுக்கு மேலால் ஓடினால் சண்டை வரும்.